சொந்தத் தளத்துக்குப் பெயர் வைப்பது: மூன்று மாதமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்

விதைக்கோட்டை | சனி, இரவு 9.40

வணக்கம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தலைஞாயிறு பக்கம். இரண்டு வருடமாக எழுதி எழுதிக் கணினியிலேயே போட்டுவைத்திருக்கிறேன், நாற்பது கட்டுரை தேறும். ஊர், வயல், அப்பாவின் சைக்கிள், ஆலையில் நடப்பது, படித்த புத்தகம் என்று எல்லாம் கலந்துகட்டித்தான். முகநூலில் போட்டால் இரண்டு நாளில் அடிக்குப் போய்விடுகிறது. போன வருடம் எழுதியதை நானே தேடி எடுக்க முடியவில்லை. அதனால் சொந்தமாக ஒரு தளம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

இணையத்தில் இடம் வாங்கியாயிற்று, வடிவமைப்பும் ஒருவழியாக முடிந்தது. பெயர்தான் இல்லை. 'எண்ணச் சிதறல்கள்' என்றேன், மனைவி சிரித்தாள். 'வழித்துணை' பிடித்திருந்தது, ஆனால் ஆன்மிகத் தளம் மாதிரி இருக்கிறதாம். 'நெல்மணி' என்றால் அரிசி மண்டியாம். என் பெயரிலேயே வைக்கலாம் என்றால், என் வயதுக்காரர்களில் அந்தப் பெயர் வகுப்புக்கு மூன்று பேர்.

எனக்கு எல்லாமே தாமதம்தான். எங்கள் ஊர் கடைமடை. தண்ணீரும் கடைசியில்தான் வரும், இணையமும் அப்படித்தான் வந்தது. பெயராவது கொஞ்சம் அர்த்தத்தோடு அமையட்டுமே என்று பார்க்கிறேன். யோசனை சொல்லுங்கள்.

டீமாஸ்டர் | சனி, இரவு 9.52

'சிதறல்கள்', 'துளிகள்', 'சாரல்', 'தூறல்', 'கிறுக்கல்கள்' ஐந்துக்கும் இந்தக் குழுமத்தில் தடை போட வேண்டும். வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் காட்டிய தமிழ்மணம் திரட்டி 2004-இல் வந்த காலத்திலிருந்து பார்க்கிறேன். பாதிப் பேர் மழையில் நனைந்தார்கள், மீதிப் பேர் எதையாவது சிதறவிட்டார்கள்.

உங்கள் மனைவியிடமே கேளுங்கள். அவருக்கு நல்ல ரசனை.

ஏரிக்கரை | சனி, இரவு 10.20

அர்த்தம் அப்புறம். முதலில் ஒரு சோதனை. பெயரை உங்கள் மாமாவுக்குப் போனில் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். அவர் சரியாகத் தட்டச்சு செய்து தளத்துக்கு வந்துவிட்டால் பெயர் தேறிவிட்டது. வராவிட்டால் எத்தனை அர்த்தம் இருந்தாலும் பயனில்லை.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதும்போதுதான் வில்லங்கமே. 'வழி'யை எடுத்துக்கொள்ளுங்கள். வி, ஏ, எல், ஐ என்று போட்டால் வலி, வழி, வளி, வாலி, வாளி ஐந்துக்கும் அதுவேதான். சரி, ழகரத்துக்கு இசட், ஹெச் போடலாம் என்றால், பாதிப் பேருக்கு அந்த வழக்கமே தெரியாது. 'குரல்' என்று வைத்தால் குறளாகிவிடும். 'கலை' என்றால் களையும் வரும், காலையும் வரும், காளையும் வரும். என் தோழி ஒருத்தி 'அறம்' என்று தொடங்கினாள். அவள் அப்பாவே அதை 'ஆரம்' என்று படித்துவிட்டு, நகைக்கடையா என்று கேட்டார்.

அதனால் ழ, ள, ற, ண, நெடில் இதெல்லாம் குறைவாக உள்ள சொல்லாகத் தேடுங்கள். நடுவில் சிறுகோடு வேண்டாம். எண்ணும் வேண்டாம், '2' என்று எழுதுவதா 'இரண்டு' என்று எழுதுவதா என்று ஒவ்வொரு தடவையும் விளக்க வேண்டியிருக்கும். டொமைனில், அதாவது தளத்தின் முகவரிப் பெயரில், ஒரு பகுதிக்கு 63 எழுத்து வரை இடம் உண்டு, அதற்காக அத்தனையையும் நிரப்பாதீர்கள். பன்னிரண்டு தாண்டினாலே மாமா திணறுவார்.

பஞ்சுமிட்டாய் | சனி, இரவு 10.41

அண்ணா, சொந்தப் பெயர்தான் பெஸ்ட். நான் கல்லூரி முதல் வருடத்தில் படங்களைப் பற்றி எழுதத் தொடங்கி, சினிமாப் பெயராக ஒன்று வைத்தேன். இப்போது எனக்குப் பூச்சிகள்தான் பைத்தியம். வண்டுப் படமாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன், மேலே ஃபிலிம் ரோல் படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. வருகிறவர்கள் குழம்புகிறார்கள். நாளைக்கு நாம் எதை எழுதப்போகிறோம் என்று இன்றைக்கு எப்படித் தெரியும்?

விதைக்கோட்டை | சனி, இரவு 11.05

அக்கா, சோதனை செய்து பார்த்தேன். சித்தப்பாவிடம் 'வழித்துணை' என்றேன். அவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் முதுகுவலித் தைலம் இருக்கிறது.

தம்பி, நீங்கள் சொல்வதும் சரிதான். நெல்லைப் பற்றி மட்டுமே எழுதுவேன் என்று எனக்கே உறுதி இல்லை.

ராத்திரி_பஸ் | ஞாயிறு, காலை 6.15

பெயர் எதுவாக இருந்தாலும் சரி, அதைக் காப்பாற்றுவதைப் பற்றி ஒரு அனுபவம்.

எட்டு வருடம் ஒரு தளம் வைத்திருந்தேன். பேருந்துப் பயணங்கள், வழியோரச் சாப்பாட்டுக் கடைகள், அவ்வளவுதான். டொமைனைப் பதிவு செய்யும்போது கொடுத்த மின்னஞ்சல், அப்போது வேலை பார்த்த நிறுவனத்தினுடையது. வேலை மாறினேன், அந்த முகவரி போயிற்று. புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதமெல்லாம் அங்கேயே விழுந்து கிடந்தது. டாட் காம் மாதிரியான பெயர்கள் காலாவதியானால் உடனே பறிபோகாது. வாங்கிய இடத்தில் சில வாரம் அவகாசம் கொடுப்பார்கள். அதுவும் முடிந்தால் 30 நாள் மீட்புக் காலம், ஆனால் தண்டம் அதிகம். கடைசி 5 நாள் யாரும் தொட முடியாது, பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நான் விஷயத்தைத் தெரிந்துகொண்டபோது அந்தப் பெயரில் சூதாட்டத் தளம் ஓடிக்கொண்டிருந்தது. கும்பகோணம் டிகிரி காபியைப் பற்றி நான் எழுதிய பக்கத்தின் முகவரியில் ரம்மி.

பழைய இணைப்பை வைத்திருந்த ஒரு பெரியவர், "தம்பி கெட்டுப்போய்விட்டாயே" என்று கடிதம் எழுதினார்.

ஒரே தடவையில் 10 வருடம் வரை பதிவு செய்யலாம். பணம் இருந்தால் ஐந்து வருடமாவது போடுங்கள். சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். எந்த மின்னஞ்சல் என்பதை வீட்டில் ஒருவருக்குச் சொல்லியும் வையுங்கள்.

பழைய_வாத்தியார் | ஞாயிறு, காலை 8.30

எனக்கு டொமைன் கதையெல்லாம் தெரியாது. பெயர் வைத்த கதை ஒன்று தெரியும்.

குறுந்தொகையில் நாற்பத்தொன்றாம் பாட்டைப் பாடியவர் அணிலாடு முன்றிலார். இது அவருடைய அப்பா வைத்த பெயர் இல்லை. சொந்தப் பெயர் காணாமல் போயிற்று. காதலன் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர் மாதிரி மகிழ்கிறேன், அவன் பிரிந்தால் ஆள் போய்விட்ட வீட்டின் முற்றத்தில் அணில் விளையாடுவதுபோல் பொலிவிழந்து கிடக்கிறேன் என்கிறாள் தலைவி. அந்த அணிலாடும் முற்றத்தையே புலவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள்.

இப்படி ஒருவர் இருவர் இல்லை. செம்புலப்பெயனீரார் எல்லோருக்கும் தெரிந்தவர். மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், விட்டகுதிரையார், ஓரேருழவனார் என்று வரிசையே உண்டு. குப்பைக் கோழியார் என்றுகூட ஒருவர் இருக்கிறார். தன் காமநோய், குப்பையில் சண்டை போடும் கோழிகளைப் போல, விலக்கிவிட ஆளில்லாமல் தானாக ஓய்ந்தால்தான் உண்டு என்று பாடினார். இன்றைக்கு நம்மில் யாருக்காவது அந்தப் பெயரை வைத்துக்கொள்ளத் துணிச்சல் வருமா?

உங்களுக்குப் பொருத்தமானவர் தேய்புரிப் பழங்கயிற்றினார். நற்றிணை 284. பொருள் தேடி வெளியூர் போனவனிடம், வீட்டுக்குப் போ என்கிறது நெஞ்சு, எடுத்த வேலையை முடி என்கிறது அறிவு. இரண்டு யானைகள் எதிரெதிரே பற்றி இழுக்கும் தேய்ந்த பழங்கயிறுபோல் ஆனது என் உடம்பு என்கிறான். ஓசூரில் இருந்துகொண்டு தலைஞாயிற்றை எழுதுகிறவருக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதில்லை. இவர்களில் யாரும் பெயரை முதலில் வைத்துக்கொண்டு பாடவில்லை. பாட்டு முதலில், பெயர் அதற்குள்ளிருந்து பிறகு. உங்களிடம் நாற்பது கட்டுரை இருக்கிறது. வெளியே ஏன் தேடுகிறீர்கள்? நாலைந்து பத்தியை இங்கே போடுங்கள், பார்ப்போம்.

டீமாஸ்டர் | ஞாயிறு, காலை 8.47

ஐயா, குப்பைக்கோழி டாட் காம் எனக்கு. யாரும் எடுத்துவிடாதீர்கள்.

வடமராட்சி | ஞாயிறு, காலை 9.10

ஒரு கேள்வி. பெயரை ஏன் ஆங்கில எழுத்திலேயே யோசிக்கிறீர்கள்? தமிழிலேயே முகவரி வைக்கலாம்தானே. எங்களுக்கு டாட் இலங்கை இருக்கு, உங்களுக்கு டாட் இந்தியா, சிங்கப்பூர்க்காரருக்கு டாட் சிங்கப்பூர். மூன்றும் தமிழ் எழுத்திலேயே புழக்கத்தில் உள்ளவை. ழ, ள சண்டை எல்லாம் அங்கே இல்லை. 'வழி' என்றால் வழிதான்.

ஏரிக்கரை | ஞாயிறு, காலை 10.02

நல்ல கேள்வி. பெயர்ப்பலகைக்கு அழகு. ஆனால் நடைமுறையில் இடறும் இடங்கள் சில உண்டு.

உலாவியில் தமிழில் தெரிந்தாலும் உள்ளே அந்தப் பெயர் வேறு வேடத்தில்தான் போகும். எக்ஸ், என், இரண்டு சிறுகோடு என்று தொடங்கி, வாயில் நுழையாத ஆங்கில எழுத்துக் கோவையாக மாறும். வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சில இடத்தில் அந்த வேடமே வெளியே தெரியும். பார்க்கிறவர்கள் மோசடி இணைப்பு என்று நினைத்துத் தொடமாட்டார்கள். அதே பெயரில் மின்னஞ்சல் வைத்தால் பல படிவங்கள் ஏற்காது. அப்புறம், தமிழ் விசைப்பலகை இல்லாத கணினியிலிருந்து எப்படி வருவது?

கூடவே இன்னொன்று. கட்டுரையின் தலைப்பையும் முகவரியில் தமிழில் வைக்காதீர்கள். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட், அதை சதவீதக் குறியோடு எழுதினால் ஒன்பது எழுத்து. 'கை' என்ற ஒரே எழுத்தில் ககரமும் ஐகாரக் குறியும் தனித்தனி, ஆக பதினெட்டு. ஐந்து சொல் தலைப்பை நகல் எடுத்து ஒட்டினால் பாம்பு மாதிரி நான்கு வரி ஓடும்.

நான் செய்வதைச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, இரண்டும் வாங்கி வைத்திருக்கிறேன். தமிழில் வருகிறவரும் முதல் தளத்துக்கே வந்து சேர்வார். வருடத்துக்குக் கொஞ்சம் கூடுதல் செலவு, ஆனால் தமிழ் முகவரியைப் பார்க்கும்போது வரும் மகிழ்ச்சிக்கு அது தகும்.

வடமராட்சி | ஞாயிறு, காலை 10.25

ஓம், அந்த நாலு வரிப் பாம்பு எனக்கும் வந்திருக்கு. இரண்டும் வைத்திருப்பது நல்ல யோசனை.

பஞ்சுமிட்டாய் | ஞாயிறு, காலை 11.30

டாட் காம் கிடைக்காவிட்டால் டாட் ஐஓ, டாட் மீ எல்லாம் எடுக்கலாமா அக்கா? பார்க்க ஸ்டைலாக இருக்கிறது.

ஏரிக்கரை | ஞாயிறு, பகல் 12.10

எடுக்கலாம். ஆனால் இரண்டு எழுத்துப் பின்னொட்டு எல்லாமே ஏதோ ஒரு நாட்டுக்கோ ஆட்சிப்பகுதிக்கோ உரியது. டாட் மீ மாண்டினீக்ரோவினுடையது, டாட் டிவி துவாலு என்ற குட்டித் தீவு நாட்டுடையது. டாட் ஐஓ, பிரிட்டனின் இந்தியப் பெருங்கடல் ஆட்சிப்பகுதிக்கானது. அந்த சாகோஸ் தீவுகளை மொரீஷியசுக்கு விட்டுக்கொடுப்பதாக 2024 அக்டோபரில் பிரிட்டன் அறிவித்ததும், டாட் ஐஓ வைத்திருந்தவர்களுக்கு வயிறு கலங்கியது. காரணம் இருக்கிறது. யூகோஸ்லாவியா உடைந்த பிறகு டாட் ஒய்யூ என்ற பின்னொட்டையே 2010-இல் எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த முகவரிகளும் அத்தோடு போயின.

டாட் காம், டாட் நெட், டாட் இன் போதும். டாட் இன், நம் ஊர் நிக்சி என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது, எல்லோருக்கும் திறந்துவிட்டது 2005-இல். புதுப் பின்னொட்டுகளில் முதல் வருடம் டீக்காசுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாம் வருடம் தலையில் கட்டுவதும் உண்டு. புதுப்பிக்கும் விலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விதைக்கோட்டை | ஞாயிறு, பிற்பகல் 3.20

எல்லோருக்கும் நன்றி. ஐயா சொன்னபடி ஒரு பத்தி போடுகிறேன். கூச்சமாகத்தான் இருக்கிறது.

"அப்பா காலையில் மண்வெட்டியோடு போனால் வாய்க்கால் தலைப்பில் நிற்பார். தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்கத்தான். வராது. மறுநாளும் போவார். வாய்க்காலில் முதலில் வருவது தண்ணீர் இல்லை, சருகு. பிறகு நுரை. அதன் பின்னால் ஒரு செருப்பு, யாருடையதோ. அதற்கும் பின்னால்தான் தண்ணீர், மெதுவாக, ஏதோ வழி கேட்டுக்கொண்டு வருவதைப்போல."

பழைய_வாத்தியார் | ஞாயிறு, பிற்பகல் 3.55

செருப்பு வருகிறது பாருங்கள், அங்கே நின்றுவிட்டேன். 'சருகும் நுரையும்'? 'நுரைமுன் சருகார்'? வேடிக்கைக்குச் சொல்கிறேன். ஆனால் பெயர் இந்தப் பக்கத்தில்தான் எங்கோ இருக்கிறது. இன்னொரு பத்தி போடுங்கள்.

டீமாஸ்டர் | ஞாயிறு, மாலை 4.10

ஐயா, இன்னொரு பத்தி எதற்கு? அவர் போட்ட முதல் பதிவைப் படியுங்கள். கடைசிக்கு முந்தைய வரிகள்.

"எங்கள் ஊர் கடைமடை. தண்ணீரும் கடைசியில்தான் வரும், இணையமும் அப்படித்தான் வந்தது."

கடைமடை. வேறென்ன வேண்டும்? நேற்று ராத்திரியிலிருந்து அது நம் கண் முன்னால் கிடக்கிறது.

பழைய_வாத்தியார் | ஞாயிறு, மாலை 4.18

அடடா. தோற்றுப்போனேன் தம்பி.

விதைக்கோட்டை | ஞாயிறு, மாலை 5.02

எனக்கு இது தோன்றவே இல்லை. ஊரில் தினமும் புழங்கும் சொல். மேட்டூரில் ஜூன் 12-இல் திறந்தால், கல்லணை தாண்டி, வெண்ணாறு, கிளை ஆறு, வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து எங்களிடம் வரும்போது ஆடி பிறந்துவிடும். சில வருடம் அதுவும் இல்லை. குறுவை எல்லாம் மேல்மடைக்காரர்களுக்கு. எங்களுக்குச் சம்பா, அதுவும் நேரடி விதைப்பு. 'கடைமடைக்காரன்' என்றால் சம்பந்தம் பேச வருகிறவர்கள்கூட ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அதைப் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று எப்படித் தோன்றும்?

அம்மாவிடம் போனில் கேட்டேன். "கடைசின்னு வருதேப்பா, நல்ல காரியம் தொடங்கறப்ப அப்படி வைக்கலாமா" என்கிறார்.

ஏரிக்கரை | ஞாயிறு, மாலை 5.30

ஆங்கிலத்தில் எழுதினால் பத்து எழுத்து. ழ இல்லை, ள இல்லை, குழப்புகிற நெடிலும் இல்லை. என் கணக்கில் தேறுகிறது. ஆனால் இரண்டு சிக்கல். முன்பாதியைத் தனியாகத் தேடினால் கூகுள் அடுப்பில் வைக்கிற கடாயைத்தான் காட்டும். இரண்டாவது, அதே எழுத்துகளைச் சிலர் 'கதை' என்று படிப்பார்கள்.

பழைய_வாத்தியார் | ஞாயிறு, மாலை 5.41

கதைமடை என்று படித்தால் படிக்கட்டுமே! கதை பாயும் மடை. எனக்கு அதுவும் பிடித்திருக்கிறது.

அம்மாவிடம் சொல்லுங்கள், தமிழில் 'கடை' என்றால் வாசல் என்றும் பொருள் உண்டு. கடைத்தலை என்றால் தலைவாசல். அவர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது, சொல்லிப் பாருங்கள்.

டீமாஸ்டர் | ஞாயிறு, மாலை 5.50

ஒரு எச்சரிக்கை. தளத்தின் ஆசிரியரைச் சுருக்கமாக 'மடையர்' என்று கூப்பிடுவோம். இப்போதே சொல்லிவிட்டேன்.

ராத்திரி_பஸ் | ஞாயிறு, மாலை 6.05

இங்கே பேசிக்கொண்டிருக்காமல் முதலில் போய்ப் பதிவு செய்யுங்கள் தம்பி. பொது இடத்தில் பெயரைச் சொல்லியாயிற்று. நம்மவர்கள் நல்லவர்கள்தான், படிக்கிறவர்கள் எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது.

விதைக்கோட்டை | திங்கள், இரவு 10.35

எடுத்துவிட்டேன். நான் ஆசைப்பட்ட பின்னொட்டு கிடைக்கவில்லை, வேறொன்றில் கிடைத்தது. ஐந்து வருடத்துக்குப் போட்டிருக்கிறேன். மின்னஞ்சல் என்னுடையது, மனைவியிடம் சொல்லியும் வைத்திருக்கிறேன். தமிழ் முகவரியை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்க்கலாம்.

வாத்தியார் ஐயா, அம்மா வாசல் கதைக்கு மசியவில்லை. ஆனால் அப்பா போனை வாங்கி, "தண்ணி வந்துச்சுன்னா கடைசி வயல்லதானடா தேங்கும், மேல போயிடுமா" என்றார். அதற்கு மேல் அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

சித்தப்பாவுக்குப் போனில் ஒரு முறைதான் சொன்னேன். தளத்துக்குச் சரியாக வந்துவிட்டார். வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "உள்ளே ஒன்னுமே இல்லையேப்பா?"

இன்றிரவு அந்த வாய்க்கால் கட்டுரையை ஏற்றுகிறேன்.

டீமாஸ்டர் | திங்கள், இரவு 10.39

செருப்பு முதலில் வரட்டும் மடையரே, காத்திருக்கிறோம்.